இயேசுவின் இளமைக்காலத்தைப் பதின்வயதுப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது: ஐந்து வார வகுப்புக்கான முழு வழிகாட்டி

ஞாயிறு பள்ளியிலோ மறைக்கல்வி வகுப்பிலோ பதிமூன்று வயதுப் பிள்ளை ஒன்றிடம் இயேசு பிறந்த கதையைக் கேட்டால் அரை நிமிடத்தில் ஒப்பித்துவிடும். கர்ப்பிணி மரியாள் கழுதைமேல் வந்தாள், சத்திரக்காரர் கதவைச் சாத்தினார், மாட்டுத்தொழுவத்தில் குழந்தை பிறந்தது, மூன்று ராஜாக்கள் ஒட்டகத்தில் வந்தார்கள். இதில் கழுதை எந்த நற்செய்தியிலும் இல்லை. சத்திரக்காரர் இல்லை. வந்தவர்கள் ராஜாக்கள் என்றோ மூன்று பேர் என்றோ மத்தேயு எழுதவில்லை. ஒட்டகமும் அங்கே கிடையாது.

சின்னப் பிள்ளைகளுக்கு இது பிரச்சினை இல்லை. நாலைந்து வருடம் கழித்து இதையெல்லாம் ஏதோ ஒரு காணொளியில் பார்த்துத் தெரிந்துகொள்ளும்போதுதான் சிக்கல்: "அப்போ மத்ததும் இப்படித்தானா?" என்ற கேள்வி வரும். அதனால் இந்தப் பாடத்தில் ஆசிரியர் கடைசிவரை விடக்கூடாத பிடி ஒன்றுதான். எது எழுதப்பட்டிருக்கிறது, எது பிற்காலத்தில் சேர்ந்தது, எது சூழலை வைத்து நாம் ஊகிப்பது என்ற மூன்றையும் ஒன்றோடொன்று கலக்காமல் சொல்ல வேண்டும்.

இந்தத் திட்டம் 12 முதல் 15 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கானது. வகுப்பில் 12 முதல் 20 பேர், வாரம் 60 நிமிடம், ஐந்து வாரம். அக்டோபர் கடைசி ஞாயிறு தொடங்கிவிடுங்கள். டிசம்பர் பிறந்தால் பாட்டுப் பயிற்சி, நாடகம், குடில் வேலை என்று பாதிப் பிள்ளைகள் வகுப்புக்கே வரமாட்டார்கள்.

முன்னேற்பாடு

நான்கு நற்செய்திகளில் மாற்கும் யோவானும் பிறப்பைச் சொல்வதே இல்லை. மாற்கு நேராக யோர்தான் நதிக்கரையில் தொடங்குகிறார். நம் மூலம் முழுவதும் மத்தேயு 1, 2 அதிகாரங்களும் லூக்கா 1, 2 அதிகாரங்களும்தான். நான்கு அதிகாரங்களையும் ஒரே மூச்சில் இரண்டு முறை வாசித்துவிட்டு வகுப்புக்குப் போங்கள். தெரிந்த கதைதானே என்று போகிறவர்கள்தான் கழுதையைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள்.

இரண்டு மொழிபெயர்ப்புகளும் மேசையில் இருக்கட்டும். பழைய வேதாகமத்தில் "முன்னணை" என்றிருப்பது கத்தோலிக்கர் கையாளும் பொது மொழிபெயர்ப்பில் "தீவனத் தொட்டி". அதில் "சாஸ்திரிகள்", இதில் "ஞானிகள்". முன்னணை என்றால் என்னவென்று இன்றைய பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. முன்னால் இருக்கும் தலையணை என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு. மாடு தீனி தின்னும் தொட்டி என்று சொன்னதும் படம் மாறிவிடும்.

வாங்க வேண்டியவை: 4 மீட்டர் கயிறு, துணிக்கிளிப்புகள் 15, மூன்று நிற அட்டைகள் (நிறத்துக்கு 20), கலிலேயா, சமாரியா, யூதேயா தெரியும் வரைபடம் ஒன்று, கோதுமை மாவு அரைக் கிலோ, நாட்டுமருந்துக் கடையில் குந்திரிக்கமும் வெள்ளைப்போளமும் பத்துப் பத்து கிராம். குந்திரிக்கத்தைச் சில கடைகளில் பறங்கிச் சாம்பிராணி என்று கேட்க வேண்டும். கம்ப்யூட்டர் சாம்பிராணி வேண்டாம், அது வாசனைத்தூள். போளம் என்று மொட்டையாகக் கேட்டால் கரியபோளத்தைப் பொட்டலம் கட்டிவிடுவார்கள். அது கற்றாழைப் பாலை உலர்த்தியது. தவறி வாங்கிவிட்டாலும் தூக்கிப்போட வேண்டாம். யோவான் 19:39இல் இயேசுவின் அடக்கத்துக்கு நிக்கொதேமு கொண்டுவந்தது வெள்ளைப்போளமும் கரியபோளமும் கலந்ததுதான்.

முதல் வாரம்: இரண்டு சாட்சிகள்

முதல் பத்து நிமிடம் நீங்கள் எதுவும் கற்பிக்க வேண்டாம். பிறப்புக் கதையில் வரும் ஆட்கள், பிராணிகள், பொருட்கள் என்று பிள்ளைகள் சொல்லச் சொல்ல எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதுங்கள். திருத்தாதீர்கள், முகத்திலும் காட்டிக்கொள்ளாதீர்கள்.

பிறகு வகுப்பை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதிக்கு மத்தேயு 1:18 முதல் 2:23 வரை, மறுபாதிக்கு லூக்கா 1:26-38, 2:1-40. மற்ற நற்செய்தியைத் திறக்கக்கூடாது. இருபது நிமிடத்தில் தங்கள் பகுதியில் வருவதை மட்டும் ஒரு தாளில் படமாகவோ பட்டியலாகவோ போட வேண்டும். தேவதூதர் யாரிடம் வந்தார் என்பதைக் கட்டாயம் குறிக்கச் சொல்லுங்கள். மத்தேயுவில் யோசேப்பின் கனவில்; லூக்காவில் மரியாளிடம் நேரில்.

இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிப் பார்த்தால் வகுப்பே எழுந்து நிற்கும். நட்சத்திரம், ஞானிகள், ஏரோதின் கொலை, எகிப்துப் பயணம் மத்தேயுவில் மட்டும். குடிமதிப்பு, தீவனத் தொட்டி, மேய்ப்பர்கள், சிமியோன், அன்னாள் லூக்காவில் மட்டும். ஞானிகள் வந்தது தொழுவத்துக்கு அல்ல, "அந்த வீட்டுக்குள்" (மத். 2:11). இரண்டுக்கும் பொதுவானவை எவை என்று கேளுங்கள்: மரியாள், யோசேப்பு, கன்னிப்பிறப்பு, தாவீதின் வம்சம், பெத்லகேம், ஏரோதின் காலம் (லூக்காவில் இது 1:5இல்), நாசரேத்து. ஒருவரையொருவர் பார்த்து எழுதாத இரண்டு சாட்சிகள் இவ்வளவில் ஒத்துப்போகிறார்கள் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க விடுங்கள்.

கடைசியில் கரும்பலகைப் பட்டியலுக்கு வாருங்கள். மிஞ்சி நிற்பவற்றுக்கு ஊர் உண்டு. மாடும் கழுதையும் ஏசாயா 1:3இலிருந்து வந்து சேர்ந்தவை. மூன்று காணிக்கைகளை வைத்து மூன்று பேர் ஆனார்கள். கஸ்பார், மெல்கியோர், பல்தசார் என்ற பெயர்கள் பல நூற்றாண்டு கழித்து வந்தவை. குடில் மரபை ஊரெங்கும் பரப்பியது 1223இல் கிரேச்சியோ என்ற இத்தாலிய ஊரில் அசிசி பிரான்சிஸ் நடத்திய கிறிஸ்துமஸ் இரவு. இதையெல்லாம் "பொய்" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். "பின்னாள் மரபு" என்று சொல்லுங்கள். பொய் என்ற சொல்லைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகும் பிள்ளை பாட்டியிடம் என்ன சொல்லும் என்று யோசித்தால் போதும்.

இந்த வாரத்தில் வழக்கமாகச் செய்யும் தவறு: முரண் போலத் தெரிகிற இடத்தில் ஆசிரியர் பதறிப்போய் இரண்டு கதைகளையும் அங்கேயே ஒட்டுப்போடுவது. ஞானிகள் வந்தபோது குழந்தைக்கு ஒன்றிரண்டு வயது ஆகியிருக்கலாம், ஏரோது இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தேடியதை வைத்து அப்படிச் சொல்கிறார்கள் என்ற விளக்கம் நல்ல விளக்கம்தான். ஆனால் அதை இரண்டாம் வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் வாரம்: கயிறும் வரைபடமும்

சுவரில் கயிற்றைக் கட்டுங்கள். ஒரு வருடத்துக்கு 10 சென்டிமீட்டர். பெரிய ஏரோது இறந்தது கி.மு. 4, இயேசு பிறந்தது அதற்கு முன். அதாவது கி.மு. 6க்கும் 4க்கும் இடையே. கிறிஸ்து பிறப்பதற்குச் சில ஆண்டு முன்பே கிறிஸ்து பிறந்தாரா என்று பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். கி.பி. 525 வாக்கில் தியோனீசியு எக்சிகுவு என்ற துறவி போட்ட கணக்கில் சில ஆண்டு பிசகிவிட்டது, அவ்வளவுதான்.

நம் கயிற்றுக்குக் கி.மு. 5 தொடக்கமாக இருக்கட்டும். கிளிப் மாட்ட வேண்டிய இடங்கள்: ஏரோதின் மரணம் 10 செ.மீ.; கி.பி. 1 என்பது 50 செ.மீ.; ஏரோதின் மகன் அர்கெலாயு பதவி இழந்து யூதேயா நேரடி ரோம ஆட்சிக்குப் போன கி.பி. 6, சரியாக 100 செ.மீ.; எருசலேம் ஆலயத்தில் பன்னிரண்டு வயது, 120 செ.மீ.; திபேரியு பேரரசரான கி.பி. 14, 180 செ.மீ.; யோவான் ஸ்நானன் பிரசங்கிக்கத் தொடங்கிய, திபேரியுவின் 15ஆம் ஆண்டு (லூக். 3:1), ஏறக்குறைய 320 முதல் 330 செ.மீ.

கி.பி. 1ஐப் பிள்ளைகள் 60 செ.மீ.யில்தான் மாட்டுவார்கள். பூஜ்ஜியம் என்றொரு ஆண்டு இல்லை, கி.மு. 1க்கு அடுத்தது கி.பி. 1 என்பதை அங்கேயே எண்ணிக் காட்டுங்கள்.

இப்போது 120க்கும் 320க்கும் நடுவே இரண்டு மீட்டர் வெறும் கயிறு தொங்கும். ஒருவரைக் கூப்பிட்டு அந்த இடத்தில் இரண்டு கைகளையும் விரித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். அவர் கைக்குள் அடங்காத அந்த நீளம் முழுவதற்கும் நம்மிடம் இருப்பது லூக்கா 2:51-52 என்ற இரண்டு வசனங்கள்தான். நான்காம் ஐந்தாம் வாரங்களுக்கு இதைவிட நல்ல முன்னுரை கிடையாது. கயிற்றை ஐந்து வாரமும் அவிழ்க்காதீர்கள்.

குடிமதிப்புச் சிக்கலும் இங்கேதான் வெளிவரும். சிரேனியு சீரியாவை ஆண்டபோது நடந்த கணக்கெடுப்பு என்கிறார் லூக்கா. வரலாற்றாசிரியர் யோசேபஸ் சொல்லும் சிரேனியுவின் கணக்கெடுப்பு கி.பி. 6, நம் கயிற்றில் 100 செ.மீ. ஏரோது 10 செ.மீ.யிலேயே இறந்துவிட்டார். கூர்மையான பிள்ளை ஒன்று இதைக் கட்டாயம் பிடிக்கும். முன்னதாக இன்னொரு கணக்கெடுப்பு நடந்திருக்கலாம் என்பார் உண்டு, வசனத்தைச் "சிரேனியுவுக்கு முன்பு நடந்த" என்று மொழிபெயர்க்கலாம் என்பார் உண்டு, லூக்கா ஆண்டைக் குழப்பிக்கொண்டார் என்பாரும் உண்டு. மூன்றையும் சொல்லுங்கள், இன்னும் தீராத கேள்வி என்றும் சொல்லுங்கள். ஆசிரியர் மழுப்பினால் பிள்ளைகளுக்கு உடனே தெரிந்துவிடும்.

வரைபடத்துக்குப் பத்து நிமிடம் போதும். நாசரேத்திலிருந்து பெத்லகேம் நேர்க்கோட்டில் ஏறக்குறைய 110 கி.மீ., யோர்தான் பள்ளத்தாக்கு வழியே சுற்றினால் 150ஐத் தொடும். சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கால்நடையாகப் போவது போல. எருசலேமிலிருந்து பெத்லகேம் 9 கி.மீ.தான், ஏரோதின் அரண்மனைக்கு அவ்வளவு பக்கம்.

மூன்றாம் வாரம்: வீடு, புறாக்கள், ஓட்டம்

ஐந்து வாரத்தில் கனமான வாரம் இது.

நிச்சயம் பற்றித் தொடங்குங்கள். யோசேப்பு மரியாளை "இரகசியமாய்த் தள்ளிவிட" யோசித்தான் என்று வாசித்ததும், கல்யாணமே ஆகவில்லையே, எதற்குத் தள்ளிவிட வேண்டும் என்று கேட்பார்கள். யூத வழக்கில் நிச்சயம் என்பது நம் நிச்சயதார்த்தம் போல மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்து முறிப்பது அல்ல. சட்டப்படி கட்டுப்பட்ட உறவு, முறிக்க விலக்குச்சீட்டு தேவை. மரியாளின் வயதை நற்செய்தி சொல்லவில்லை. அக்கால வழக்கப்படி மிக இளவயதாக இருந்திருக்கலாம் என்று சொன்னால், அது அந்தக் காலத்து வழக்கம், இன்று 18க்கு முன் திருமணம் குற்றம் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள்.

யோசேப்புக்காக ஒரு நிமிடம். நான்கு நற்செய்திகளையும் புரட்டி யோசேப்பு பேசிய ஒரு வாக்கியத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், பரிசு அறிவியுங்கள். பரிசு செலவாகாது. அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. கனவு காண்கிறார், எழுந்திருக்கிறார், செய்கிறார். அந்த மௌனமான மனிதருக்கு வளன் என்று தமிழ்ப்பெயர் சூட்டி 3,615 பாட்டில் வீரமாமுனிவர் பாடிய காப்பியம்தான் தேம்பாவணி.

பிறகு "சத்திரம்". லூக்கா 2:7இல் உள்ள கிரேக்கச் சொல் கட்டாலுமா. இதே சொல்லை லூக்கா 22:11இல் கடைசி இராவுணவு நடந்த வீட்டின் அறைக்கும் எழுதுகிறார். நல்ல சமாரியன் கதையில் வரும் காசு வாங்கும் சத்திரத்துக்கு அவர் எழுதும் சொல் வேறு. எனவே உறவினர் வீட்டில் விருந்தினர் அறை நிரம்பியிருந்தது, அதனால் வீட்டுக்குள்ளேயே கால்நடை கட்டும் பகுதியில் குழந்தையைக் கிடத்தினார்கள் என்று அறிஞர் பலர் வாசிக்கிறார்கள். அக்காலப் பலஸ்தீன வீடுகளில் இரவு ஆடுமாடுகளை உள்ளே ஓட்டிக் கட்டுவது உண்டு. கொட்டிலோடு சேர்ந்த பழைய கிராமத்து வீட்டைப் பார்த்த பிள்ளைக்கு இது சட்டென்று பிடிபடும். இரண்டாம் நூற்றாண்டிலேயே பெத்லகேம் குகை பற்றிய மரபும் உண்டு. அந்தக் குகைமேல்தான் இன்றைய பிறப்பு ஆலயம் நிற்கிறது.

எட்டாம் நாள் விருத்தசேதனம். நெளிவார்கள், கிசுகிசுப்பார்கள். சுன்னத்து என்று ஒரே சொல்லில் சொல்லி, ஆபிரகாமின் உடன்படிக்கை அடையாளம் என்று இன்னொரு வரி சேர்த்துவிட்டு நகருங்கள். இதைத் தாண்டிக் குதித்தால் இயேசு யூதப் பிள்ளை என்ற அடிப்படையே நழுவிவிடும். மரியாள், யோசேப்பு, மேய்ப்பர், சிமியோன் எல்லாரும் யூதர்கள். "யூதர்கள் கெட்டவர்கள்" என்ற பேச்சு வகுப்பில் எழுந்தால் இந்த வாரத்தையே திரும்பக் காட்டலாம்.

அடுத்து, பிள்ளைகளே தோண்டி எடுக்க வேண்டிய ஒன்று. லூக்கா 2:24இல் அவர்கள் செலுத்தியது என்ன? ஒரு ஜோடிக் காட்டுப்புறா அல்லது இரண்டு புறாக்குஞ்சு. உடனே லேவியராகமம் 12ஐத் திறக்கச் சொல்லுங்கள். சட்டம் கேட்பது ஒரு வயது ஆட்டுக்குட்டியும் ஒரு புறாவும். ஆட்டுக்குட்டிக்கு வக்கில்லாதவளுக்குத்தான் இரண்டுமே புறா (12:8). நீங்கள் "ஏழைக் குடும்பம்" என்று சொல்லாதீர்கள். அவர்கள் வாயிலிருந்து வரட்டும், ஐந்து நிமிடமானாலும் காத்திருங்கள். ஞானிகள் கொடுத்த பொன் எங்கே போயிற்று என்று யாராவது கேட்பார்கள். ஞானிகள் வந்தபோது குழந்தைக்கு ஒன்றிரண்டு வயது ஆகியிருக்கலாம் என்ற விளக்கத்தை வைத்து, ஞானிகள் அப்போது இன்னும் வந்திருக்க மாட்டார்கள் என்று பிள்ளைகளே சொல்லலாம். அது ஊகம் என்பதையும் சேருங்கள்.

பொன்னோடு ஞானிகள் கொடுத்த மற்ற இரண்டு காணிக்கைகள் குந்திரிக்கமும் வெள்ளைப்போளமும். குந்திரிக்கத்தை ஒரு கரித்துண்டில் போட்டுக் காட்டுங்கள். சன்னல் திறந்திருக்க வேண்டும், வீசிங் உள்ள பிள்ளையை வாசல் பக்கம் உட்கார வையுங்கள். வெள்ளைப்போளத்தை முகர்ந்து பார்த்தால் போதும், கசப்பு மணத்திலேயே தெரியும்.

ஏரோதின் குழந்தைக்கொலையை இந்த வயதில் மறைக்கத் தேவையில்லை, விவரிக்கவும் தேவையில்லை. மத்தேயு ஒரே வசனத்தில் சொல்லிவிட்டு ராகேலின் அழுகைக்குப் போய்விடுகிறார். நீங்களும் அவ்வளவில் நில்லுங்கள். இதை நடித்துக் காட்ட வைப்பது கூடவே கூடாது. எகிப்து ஏன்? ஏரோதின் அதிகாரம் செல்லாத இடம், யூதர்கள் ஏராளமாகக் குடியிருந்த நாடு. இரவோடு இரவாகக் கிளம்பிய இந்தக் குடும்பம் அகதிக் குடும்பம். போரில் இடம்பெயர்ந்த வீட்டுப் பிள்ளைகள் வகுப்பில் இருந்தால், இலங்கைத் தமிழர் வாழும் இடங்களில் கட்டாயம் இருப்பார்கள், "உங்க வீட்டுக் கதையைச் சொல்" என்று அவர்களை நிறுத்திக் கேட்காதீர்கள். சொல்ல விரும்பினால் தாமாகச் சொல்வார்கள்.

நான்காம் வாரம்: நாசரேத்து

"நாசரேத்திலிருந்து யாதொரு நன்மை உண்டாகக்கூடுமா" என்று நாத்தான்வேல் கேட்ட ஊர். சில நூறு பேர் வாழ்ந்த மலைச்சரிவுக் கிராமம் என்பது தொல்லியலாளர் கணிப்பு. பழைய ஏற்பாட்டில் பெயர்கூட இல்லை. 2009இல் அங்கே அகழ்ந்தபோது முதல் நூற்றாண்டைச் சேர்ந்த எளிய வீடு ஒன்று வெளிப்பட்டது: இரண்டு அறை, முற்றம், மழைநீர்த் தொட்டி.

இங்கே பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டிய சொல் ஒன்று: தெக்தோன். "இவன் தச்சன் அல்லவா?" (மாற். 6:3) என்பதில் தச்சன் என்று வருவது இந்தக் கிரேக்கச் சொல்தான். மரவேலை மட்டுமல்ல, கல்லும் மரமும் வைத்துக் கட்டுகிறவரையும் குறிக்கும். சுண்ணாம்புக்கல் நிறைந்த ஊரில் கல்வேலை தெரியாமல் பிழைப்பது கடினம்.

ஆறு கி.மீ. தள்ளி செப்போரிஸ் நகரம். ஏரோது இறந்ததும் எழுந்த கலகத்தில் ரோமத் தளபதி வாருஸ் அதை எரித்து மக்களை அடிமைகளாக விற்றார். பின்னர் ஏரோதின் இன்னொரு மகன் அந்திப்பா அதைத் திரும்பக் கட்டினார். யோசேப்பும் இயேசுவும் அங்கே வேலைக்குப் போயிருக்கலாம் என்பது ஊகம். ஊகம் என்றே சொல்லுங்கள். கயிற்றில் 100 செ.மீ.க்குப் போங்கள்: கலிலேயனான யூதாஸ் வரிக்கணக்குக்கு எதிராகக் கிளம்பிய ஆண்டு அது. இயேசு அப்போது பத்து வயதுப் பையன். ஊர்த் திண்ணையில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று பிள்ளைகள் எழுதிப் பார்க்கட்டும், பத்து வரி.

சகோதரர்கள் பற்றிய கேள்வி இந்த வாரம் வரும். யாக்கோபு, யோசே, யூதா, சீமோன், சில சகோதரிகள் என்கிறது அதே வசனம். கத்தோலிக்கர் நெருங்கிய உறவினர் என்றும், கீழை மரபினர் யோசேப்பின் முதல் தாரத்துப் பிள்ளைகள் என்றும், புரட்டஸ்தாந்தினர் பெரும்பாலும் உடன்பிறப்புகள் என்றும் கொள்வார்கள். உங்கள் சபையின் போதனையைச் சொல்லுங்கள். மற்றவர்கள் அப்படி நம்புவது அறியாமையால் அல்ல என்பதையும் சேருங்கள்.

ஐந்தாம் வாரம்: பன்னிரண்டு வயது

வகுப்பில் உள்ளவர்களின் வயதே நாயகனுக்கும் என்பதால் இந்த வாரம் தானாக ஓடும். ஆனால் முதலில் ரொட்டி: பன்னிரண்டு வயதில் இயேசு எருசலேம் போனது பஸ்கா என்ற யூதப் பண்டிகைக்கு, அதில் உண்பது புளிப்பில்லாத அப்பம். இரண்டு கப் கோதுமை மாவு, முக்கால் கப் தண்ணீர், வேறெதுவும் இல்லை. தண்ணீர் மாவில் பட்ட நொடியிலிருந்து 18 நிமிடத்துக்குள் பிசைந்து, எட்டாகத் தேய்த்து, முள்கரண்டியால் குத்தி, காய்ந்த தோசைக்கல்லில் சுட்டு எடுத்துவிட வேண்டும். பஸ்கா ரொட்டிக்கு யூத மரபு வகுத்த வரம்பு அது. சப்பாத்தி பழக்கத்தில் மாவை ஊற வைத்துவிடுவார்கள். ஊறினால் புளிக்கத் தொடங்கும், புளிப்பில்லாத அப்பம் என்பதன் பொருளே போய்விடும். இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். யூதரின் பஸ்கா விருந்தையே வகுப்பில் நடத்திப் பார்ப்பது வேண்டாம்: அது இன்னொரு சமயத்தாரின் வழிபாடு, இன்றைய வடிவமும் இயேசுவின் காலத்துக்குப் பிந்தியது.

ரொட்டியைக் கடித்துக்கொண்டே லூக்கா 2:41-52. மகனைக் காணாமல் ஒரு நாள் முழுக்க எப்படிப் போனார்கள்? பதில் 44ஆம் வசனத்தில்: "உறவின்முறையாரிடத்திலும் அறிமுகமானவர்களிடத்திலும்" தேடினார்கள். ஊரே கூட்டமாக நடந்த பயணம். வேளாங்கண்ணிக்கு நடந்து போனவர்களிடம் கேட்டால், பிள்ளைகள் எந்தக் குழுவோடு வருகிறார்கள் என்று அன்னம்மா அத்தைக்குத்தான் தெரியும் என்பார்கள்.

இங்கே மூன்று வழுக்கல்கள். இயேசு போதகர்களுக்குப் பாடம் நடத்தினார் என்பது முதலாவது. வசனத்தில் அவர் உட்கார்ந்து "கேட்கவும், அவர்களை வினாவவும்" செய்கிறார். அவருடைய பதில்களைக் கேட்டு வியந்தார்கள் என்பது அடுத்துத்தான் வருகிறது. இது யூதச் சிறுவன் பெரியவனாவதைக் குறிக்கும் பார் மிட்ஸ்வா சடங்கு என்பது இரண்டாவது. அந்தச் சடங்கு இடைக்காலத்தில் உருவானது. மூன்றாவது, இதைப் பெற்றோருக்குக் கீழ்ப்படிதல் பாடமாகச் சுருக்கிவிடுவது. மரியாள் கோபித்துக் கேட்கிறாள், மகன் திருப்பிக் கேட்கிறான், அவன் சொன்னது பெற்றோருக்கு விளங்கவில்லை. பிறகு அவர்களோடு போய்க் கீழ்ப்படிந்திருக்கிறான். இந்த வரிசையை அப்படியே வையுங்கள்.

கடைசி இருபது நிமிடம் அந்த இரண்டு மீட்டர் கயிற்றுக்கு. களிமண் குருவிகளுக்கு உயிர் கொடுத்த கதை? தோமாவின் பெயரில் உள்ள குழந்தைப்பருவ நூலில் வருவது, திருச்சபை ஏற்ற நூல் அல்ல. களிமண் பறவைக்கு உயிர் கொடுத்ததைக் குர்ஆனும் சொல்கிறது, மர்யம் பெயரில் ஓர் அத்தியாயமே அதில் உண்டு. முஸ்லிம் நண்பர்களோடு பேச இது நல்ல வாசல். இந்தியாவுக்கு வந்தாரா? 1894இல் நிக்கோலாஸ் நொட்டோவிச் என்ற ரஷ்யர், லடாக்கின் ஹெமிஸ் மடத்தில் சுவடி கண்டதாக எழுதினார். மறு ஆண்டு இன்னொருவர் போய் விசாரித்தபோது அப்படி ஒன்று இல்லை என்றார் மடத்தலைவர். ஊரார் அவரைத் தச்சன் என்றே அடையாளம் காண்கிறார்கள் என்ற மாற்கு வசனத்தையும் பக்கத்தில் வையுங்கள்.

தேர்வுக்குப் பதில் குடில் சோதனை

எழுத்துத் தேர்வு வேண்டாம். டிசம்பரில் ஆலயக் குடில் எழும்பியதும் பிள்ளைகளிடம் மூன்று நிற அட்டைகளைக் கொடுங்கள்: பச்சை மத்தேயுவுக்கு, மஞ்சள் லூக்காவுக்கு, வெள்ளை பின்னாள் மரபுக்கு. ஒவ்வொரு சொரூபத்தின் முன்னும் ஓர் அட்டை, அதில் வசன எண். நட்சத்திரத்துக்குப் பச்சை, 2:2. தொட்டிக்கு மஞ்சள், 2:7. பஞ்சுப் பனிக்கு வெள்ளை. குழந்தைக்கு என்ன நிறம் என்று சண்டை வரும். இரண்டும் வைக்க வேண்டும் என்று யாராவது ஒருவர் கண்டுபிடிக்கும்வரை தலையிடாதீர்கள். பங்குத்தந்தையிடமோ ஆயரிடமோ முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுங்கள், அட்டைகளை ஆராதனை தொடங்குமுன் எடுத்துவிடுங்கள்.

ஞானிகளை எங்கே வைப்பது என்பதையும் அவர்களே முடிவு செய்யட்டும். ஆலயத்தின் கடைசி சன்னல் விளிம்பில் தொடங்கி, நாளுக்கு ஒரு சன்னலாக நகர்த்தி, ஞானிகள் வருகையை நினைவுகூரும் ஜனவரி 6 அன்று குடிலுக்குக் கொண்டுவந்து சேர்க்கலாம். ஒட்டகத்துக்கு வெள்ளை அட்டை.